பால் கெட்டதா, கலந்ததா? – இண்டர்ப்ரெட்டர் தாத்தா பதில்கள்

போன இதழில் ‘கரப்ட்’ என்ற ஆங்கில வினைக்கு ‘ஊழல்’ ஒன்றுதான் தமிழ் என்று நினைத்துவிடாதீர்கள் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் மேசை கொள்ளவில்லை. முப்பத்தோரு வருஷம் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் நீதிமன்றங்களில் சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று தமிழை ஆங்கிலமாகவும் ஆங்கிலத்தைத் தமிழாகவும் மாற்றிச் சோறு தின்றவன் நான். கெடுப்பதற்கு ஆங்கிலத்தில் எத்தனை வினை உண்டோ அத்தனையும் குற்றப் பத்திரிகையில் வரும். ஆகவே இந்த மாதம் முழுக்க அந்தச் சொற்களுக்கே.

*

சாட்ஸ்வர்த்திலிருந்து ஓர் ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா: தொலைக்காட்சியில் விசாரணைக் கமிஷன் ஓடிய நாட்களில் ‘கரப்ட், கரப்ட்’ என்று கேட்டுக்கேட்டு என் பேரன் அர்த்தம் கேட்டான். ஊழல் என்றேன். மறுநாள் அவன் கம்ப்யூட்டரில் ‘ஃபைல் கரப்ட்’ என்று வந்தது. “ஆயா, ஃபைலுக்கு யார் காசு குடுத்தா?” என்கிறான். என்ன சொல்வது?

பேரன் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறான், அம்மா. லத்தீனில் ‘ரும்பெரே’ என்றால் உடைத்தல். முன்னால் ஒரு ‘கொர்’ சேர்ந்தால் அடியோடு உடைத்தல், நொறுக்குதல். அந்த உடைசல் ஆங்கிலத்தில் எங்கெல்லாம் கிடக்கிறது பாருங்கள். குடல் பிதுங்கினால் டாக்டர் சொல்லும் ‘ரப்ச்சர்’, பேச்சை இடையில் உடைக்கும் ‘இண்டரப்ட்’, எரிமலை உடைத்துக்கொண்டு வரும் ‘இரப்ட்’ எல்லாம் அந்த வேர்தான். கடையை மூடும் ‘பேங்க்ரப்ட்’ இத்தாலிக்காரர்களின் ‘உடைந்த பெஞ்சு’. காசு மாற்றுகிறவன் பெஞ்சு போட்டுத்தான் வியாபாரம் செய்தான். காட்டை உடைத்துப் போட்ட பாதைதான் ‘ரூட்’. உங்கள் பேரனின் ஃபைல் உள்ளுக்குள் உடைந்துபோயிற்று, அவ்வளவுதான். காசு வாங்கவில்லை.

இப்போது நம் ‘ஊழல்’ என்ற சொல்லைப் பாருங்கள். ஊழ்த்தல் என்றால் பதனழிதல். பழைய அகராதிகள் ஊழலுக்குப் பதனழிவு என்றே பொருள் எழுதும். வைத்த இடத்திலேயே நாறிப்போன பழம் போல. ஆங்கிலச் சொல்லில் ஒருவன் கை இருக்கிறது, உடைக்கிறான். நம் சொல்லின் வேரில் ஆள் இல்லை, தானாக அழுகுகிறது. கருவூலம் தானாக அழுகுமா? இது எனக்கு உறுத்தும் விஷயம். அதனால்தானோ என்னவோ, ‘ஊழல் செய்தான்’ என்று ஒரு ‘செய்’யைக் கொண்டுவந்து ஒட்டி ஆளைப் பிடித்து நிறுத்தவேண்டியிருக்கிறது.

கெடு, கெடுத்து என்ற இரண்டையும் வைத்துக்கொண்டு தமிழ் செய்யும் வேலை வேறு. ‘அவன் கெட்டான்’ என்றால் ஒன்று, ‘அவனைக் கெடுத்தான்’ என்றால் வேறொன்று. ஒரு ‘த்’தில் குற்றவாளி மாறிவிடுகிறான். ஆங்கிலத்தில் ‘கரப்ட்’ வினையாகவும் நிற்கும், கெட்டுப்போனவனின் பண்பாகவும் நிற்கும். “மாத் அண்ட் ரஸ்ட் டத் கரப்ட்” என்று 1611-இன் ஆங்கில பைபிளில் வரும் இடத்தைத் தமிழ் பைபிளில் பாருங்கள்: பூச்சியும் துருவும் கெடுக்கும். மொழிபெயர்த்தவருக்குத் தேர்ந்த கை. துணியை அரிக்கும் பூச்சிக்கு ஊழல் பட்டம் கட்டவில்லை.

கமிஷன் என்றீர்களே, அந்த நாட்களில் நம் நாட்டு ஆங்கிலத்தில் இன்னொரு வினையும் அர்த்தம் மாறிவிட்டது. ‘கேப்ச்சர்’ என்றால் பிடித்தல். மக்கள் பாதுகாவலராக இருந்த தூலி மடோன்செலா தயாரித்து 2016 நவம்பரில் வெளியான அறிக்கைக்குப் பிறகு, “அந்த அதிகாரி கேப்ச்சர்ட்” என்றால், தனியார் முதலாளிகளின் கைக்குள் போய்விட்டார் என்று தென்னாப்பிரிக்காவில் எந்த டாக்சி டிரைவருக்கும் விளங்கும். வெளிநாட்டு நண்பரிடம் சொல்லிப் பாருங்கள், அந்த அதிகாரியைப் போலீஸ் பிடித்துவிட்டது என்று சந்தோஷப்படுவார்.

*

மெரிபேங்க், டாக்சி ஓட்டும் தம்பி ஒருவர்: லஞ்சத்துக்கு ‘பிரைப்’ என்கிறார்களே, அதற்கும் ஒரு வேர் உண்டா? ரோட்டில் நிறுத்துகிறவர்கள் ‘கூல்ட்ரிங்க்’ என்று மட்டும்தான் கேட்கிறார்கள்.

அப்படிக் கேட்பவர்கள் தெரியாமலே வரலாறு பேசுகிறார்கள், தம்பி. பழைய பிரெஞ்சில் ‘பிரீப்’ என்றால் பிச்சைக்காரனுக்குப் போடும் ரொட்டித் துண்டு. துண்டு ரொட்டியில் தொடங்கியது கூல்ட்ரிங்க் வரை வந்திருக்கிறது. நம் ‘கையூட்டு’ என்ற சொல்லும் சாப்பாட்டுக் கணக்குத்தான்: கைக்கு ஊட்டுவது. குழந்தை வாயைத் திறக்கும், இங்கே கை திறக்கிறது. கொடுக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் இருக்கிறது, ஆனால் மழையில் ரோட்டோரம் நிற்பது நீங்கள்.

*

ஃபீனிக்ஸிலிருந்து ஓர் அக்கா: மிளகாய்த்தூள் பாக்கெட்டில் ‘அடல்டரேட்’ என்ற சொல்லைப் பார்த்தேன். ‘அடல்ட்’, ‘அடல்டரி’, ‘அடல்டரேட்’ மூன்றும் சொந்தமா? என் மகளிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

கூச்சப்படாதீர்கள் அக்கா. இதே சொல்லால் நான் நீதிமன்றத்தில் பட்ட பாட்டைச் சொன்னால் உங்கள் கூச்சம் போய்விடும்.

1970-களின் தொடக்கம். வேலையில் சேர்ந்து நாலாவது மாதம். கரும்புத் தோட்டப் பக்கத்தில் ஒரு சின்ன நீதிமன்றம், தகரக் கூரை, உச்சி வெயில். கூண்டில் ஓர் ஆத்தா, வயது எழுபதுக்கு மேல் இருக்கும். இரண்டு மாடு வைத்துப் பால் விற்பவர். இன்ஸ்பெக்டர் லேக்டோமீட்டரைப் பாலில் விட்டுப் பார்த்து வழக்குப் போட்டிருந்தார். அரசு வக்கீல் குற்றப் பத்திரிகையை வாசித்தார்: ‘அடல்டரேட்டட்’ பால் விற்றதாக. மாஜிஸ்ட்ரேட் என்னைப் பார்த்தார். ‘கலப்படம்’ என்ற சொல் எனக்குத் தெரியாததல்ல. அந்த நொடியில் நாக்குக்கு வரவில்லை. “கெட்ட பால் வித்தீங்கன்னு சொல்றாங்க ஆத்தா” என்றேன்.

ஆத்தா பொறுமையாகத்தான் பதில் சொன்னார். “கறந்து ஒரு மணி நேரத்துல வித்துடறேன் சாமி. அது எப்படிக் கெடும்?”

நியாயமான கேள்வி. நான் திருத்திச் சொல்வதற்குள் முன்பெஞ்சில் உட்கார்ந்திருந்த பேரன் எழுந்துவிட்டான். மிஷன் பள்ளியில் படிக்கிறவன், பத்துக் கட்டளை மனப்பாடம். “ஆத்தா, அது இல்ல. அவங்க சொல்றது வேற. புருஷன் இல்லாத ஆம்பளையோட…” என்று அவன் பாதி சொல்லும்போதே ஆத்தா கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். “எம் புருஷன் போயி பதினெட்டு வருஷம் ஆச்சு! எவன் சொன்னான்? அவன இங்க வரச் சொல்லு!”

மாஜிஸ்ட்ரேட் பேனாவைக் கீழே வைத்தார். “அக்யூஸ்ட் என்ன சொல்கிறார்?” சொன்னதைச் சொன்னபடி மொழிபெயர்ப்பேன் என்று சத்தியம் செய்தவன் நான். “யுவர் வொர்ஷிப், தம் கணவர் இறந்து பதினெட்டு வருஷம் ஆகிறது என்கிறார். குற்றம் சாட்டியவரை இங்கே அழைக்கச் சொல்கிறார்.” அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். “கணவருக்கும் பாலுக்கும் என்ன சம்பந்தம்?”

கடைசியில் “தண்ணி கலந்த பால்” என்று நான் சொன்னதும் ஆத்தாவின் தோள் இறங்கிற்று. உட்கார்ந்தார். “தண்ணியா? அதுவா…” என்று இழுத்தார். “அன்னிக்கு மாடு மழையில நனைஞ்சிருந்துச்சு சாமி.” ஐந்து ராண்ட் அபராதம். வெளியே வந்து எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்: “சின்னப் பையன், பழகிக்குவ.”

இப்போது கேள்விக்கு வருகிறேன். பேரன் பெரிய தவறு ஒன்றும் செய்யவில்லை. லத்தீன் ‘அடுல்தெராரே’ என்ற வினைக்குப் பொய்யாக்குதல், கெடுத்தல் என்றும் பொருள், பிறர்மனை நாடுதல் என்றும் பொருள். உள்ளே ‘ஆல்தெர்’, அதாவது ‘வேறு’ இருக்கிறது என்பார்கள். பாலுக்குள் வேறு, மணத்துக்குள் வேறு. ஆக, அந்த இரண்டும் அக்காள் தங்கை. ‘அடல்ட்’ மட்டும் வேறு வீட்டுப் பிள்ளை. வளர்தல் என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது, ‘அடோலசென்ட்’ அதன் தம்பி. உடை ஒன்றாக இருக்கிறதே என்று சொந்தம் கொண்டாடக்கூடாது. ஆஃப்ரிகான்ஸ் மாஜிஸ்ட்ரேட்டுகள் இதே குற்றத்துக்கு ‘ஃபெர்ஃபால்ஸ்’ என்பார்கள், அதாவது பொய்யாக்கிய பால். எனக்கு அந்தச் சொல்தான் எப்போதும் சுலபம். பேரனால் குழப்பமுடியாது.

மிளகாய்த்தூள் என்றதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1820-இல் லண்டனில் ஃபிரெடெரிக் ஆக்கும் என்ற ஜெர்மன் வேதியியலாளர் உணவுக் கலப்படம் பற்றி ஒரு புத்தகம் போட்டார். ரொட்டியில் படிகாரம், ஊறுகாய் பச்சையாகத் தெரிய செம்பு, பிள்ளைகள் தின்னும் மிட்டாயில் சிவப்பு ஈயம். தண்டனை பெற்ற கடைக்காரர்களின் பெயர்களையும் அச்சிட்டார். முகப்பில் பைபிள் வாசகம்: பானையில் சாவு இருக்கிறது. அவருக்கு முன்னும் அந்த வினை ஆங்கிலத்தில் இருந்ததுதான். ஆனால் சட்டம் வர நாற்பது வருஷம் ஆயிற்று. 1860-இல்தான் பிரிட்டனில் முதல் பொதுவான கலப்படச் சட்டம். நம் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாக ‘ட்ரூரோ’ கப்பலில் டர்பனில் இறங்கிய அதே வருஷம்.

*

இசிப்பிங்கோ, கிரிக்கெட் பைத்தியம் என்று கையெழுத்திட்டவர்: பந்தைத் தேய்த்தால் ‘டேம்பரிங்’ என்கிறார்கள், ‘கரப்ஷன்’ என்பதில்லை. ஏன்?

‘டேம்பர்’ என்பது ‘டெம்பர்’ என்ற சொல்லின் இன்னொரு உச்சரிப்பு. களிமண்ணைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து பதப்படுத்தும் வேலை. பிசைகிறவன் கை சும்மா இருக்காதல்லவா, வேண்டாத இடத்தில் நோண்டுவது என்ற பொருள் பிறகு ஏறிக்கொண்டது. 2018 மார்ச்சில் கேப்டவுன் நியூலேண்ட்ஸில் ஆஸ்திரேலியர் ஒருவர் உப்புத்தாளைக் கால்சட்டைக்குள் ஒளித்தது அந்த ரகம். நோண்டல். 2000-இல் நம் அணித்தலைவர் ஹான்சி குரோன்யே சூதாட்டத் தரகர்களிடம் காசு வாங்கியதாக ஒப்புக்கொண்டது வேறு. அது உடைசல். நான் அன்றைக்குச் சமையலறை ரேடியோவை அணைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டேன். ஒரு வருஷம் கிரிக்கெட் பார்க்கவில்லை.

*

வெருலம், கோவில் குழுவில் இருக்கும் ஒருவர்: 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு கடற்கரையில் வைத்த அறிவிப்புகளில் ‘பொல்யூட்டட்’ என்று ஓரிடத்தில், ‘கண்டாமினேட்டட்’ என்று இன்னோரிடத்தில். கோவில் அறிவிப்பைத் தமிழில் எழுத வேண்டும். இரண்டும் ஒன்றா? ‘டிஃபைல்’ என்பதும் அதுதானா?

அறிவிப்புக்கு முதலில் பதில்: ‘மாசுபட்ட நீர், இறங்கவேண்டாம்’ என்று எழுதுங்கள், போதும். அலைக்குப் பக்கத்தில் நிற்கிறவருக்குச் சொல்லாராய்ச்சி வேண்டாம்.

வேறுபாடு என்னவென்றால், ‘பொல்யூட்’ என்பது பூசுதல். சேறு என்ற லத்தீன் சொல்லின் உறவு. ஆங்கிலத்துக்கு வந்தபோது அது ஆற்றைப் பற்றிய சொல் அல்ல, கோவிலையும் மனசையும் பற்றிய சொல். புனித இடத்தில் ரத்தம் சிந்தினால் ‘பொல்யூட்’. புகைபோக்கிக்கும் கழிவுநீருக்கும் அந்தச் சொல் வந்தது ரொம்பப் பிந்தி.

‘கண்டாமினேட்’ என்பதைப் பார்த்துத்தான் நான் அசந்துபோனேன். அதன் வேர் ‘தாங்கெரே’, தொடுதல். தொட்டால் வருவது. வருஷக்கணக்காகத் தடயவியல் சாட்சிகளுக்கு “சாம்பிள் அசுத்தமாயிடுச்சு” என்று மொழிபெயர்த்துக்கொண்டிருந்தவன், ஒருநாள் மதிய இடைவேளையில் அகராதியைப் புரட்டியபோது கண்ணில் பட்டது. கையில் இருந்த வடையைக் கீழே வைத்துவிட்டேன். நம் ‘தீட்டு’ எங்கிருந்து வருகிறது? தீண்டு. தொடுதல். பாம்பு கடித்ததைப் ‘பாம்பு தீண்டியது’ என்கிறோமே, அந்தத் தீண்டல். ரோமாபுரிக்காரனும் நம் ஆளும் ஒருவரை ஒருவர் கேட்காமல் ஒரே மாதிரி நினைத்திருக்கிறார்கள்: கெடுதல் விரல் நுனியில் இருக்கிறது.

கப்பலில் எல்லாரும் ஒரே அண்டாவில் சாப்பிட்ட அன்றே தீட்டு கடலோடு போயிற்று என்று என் தாத்தா பெருமையாகச் சொல்வார். அவர் அப்படிச் சொல்லும்போது எங்கள் வீட்டுப் பின்கட்டில், தோட்டத்தைச் சுத்தம் செய்ய வந்த மனிதருக்கென்று ஓர் எனாமல் குவளை தனியாக ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். பிறகு ஒரு காலத்தில் டர்பன் கடற்கரையில் ‘வெள்ளையருக்கு மட்டும்’ என்ற பலகைகள் எங்களையே தண்ணீருக்குள் விடவில்லை. அப்போது தாத்தா போட்ட கூச்சல் நினைவிருக்கிறது. குவளையை எடுத்துத் தூக்கிப் போட்டது என் அம்மா. எப்போது என்று கேட்காதீர்கள், ரொம்பத் தாமதம்.

‘டிஃபைல்’ என்பது மிதித்தல். துணியைத் தொட்டியில் போட்டு மிதிப்பதற்குப் பிரெஞ்சில் ஒரு சொல், அதிலிருந்து வந்து, ஆங்கிலத்தின் சொந்த ‘ஃபவுல்’ என்ற அழுக்கோடு கலந்துவிட்டது. ராணுவம் வரிசையாக நடப்பதற்கும் ‘டிஃபைல்’ என்பார்கள். அது நூல் என்ற சொல்லிலிருந்து வந்த வேறு ஆள். இங்கே மிதி, அங்கே நூலிழை.

*

டொங்காட், கல்லூரி மாணவி: ‘டிப்ரேவ்’, ‘பெர்வெர்ட்’ இரண்டுக்கும் வித்தியாசம் கேட்டுத் தேர்வில் ஐந்து மதிப்பெண். நான் இரண்டுக்கும் ‘மோசமாக்குதல்’ என்று எழுதினேன். இரண்டு மதிப்பெண்தான் கிடைத்தது.

இரண்டு கொடுத்த ஆசிரியர் நல்லவர், அம்மா.

‘டிப்ரேவ்’ என்பதில் ‘ப்ராவுஸ்’ இருக்கிறது. கோணல் என்று பொருள். நேராக வளர வேண்டிய கொம்பைக் கோணலாக்குவது. ஆகவே மனசுக்கும் குணத்துக்கும் மட்டும் பொருந்தும். பாலை ‘டிப்ரேவ்’ செய்யமுடியாது. ஆபாச வழக்குகளில் இந்த வினை ‘கரப்ட்’ என்பதன் கையைப் பிடித்துக்கொண்டே வரும். 1868-இல் இங்கிலாந்தின் ஒரு தீர்ப்பில், வாசிப்பவரை இப்படி ஆக்கும் போக்கு அந்த எழுத்துக்கு உண்டா என்பதே அளவுகோல் என்று வைத்தார்கள். அந்த ஜோடி 1959-ஆம் வருஷத்துச் சட்டத்திலும் ஏறி உட்கார்ந்துகொண்டது.

‘பெர்வெர்ட்’ திருப்புதல். ‘கன்வெர்ட்’, ‘டைவெர்ட்’, ‘இன்வெர்ட்’ எல்லாம் ஒரே திருப்பம், திசைதான் வேறு. மதம் மாறியவனை நம் பக்கம் வந்தால் ‘கன்வெர்ட்’, அந்தப் பக்கம் போனால் ‘பெர்வெர்ட்’ என்று எழுதிய காலம் ஒன்று உண்டு. கடன் போல: நான் கொடுத்தால் உதவி, நீ கேட்டால் தொல்லை. தமிழில் இதற்குத் தேடவே வேண்டாம். தோசையைப் புரட்டுகிறோம், பொய் சொல்கிறவனையும் புரட்டன் என்கிறோம். கயிறு திரிக்கிறோம், பேசியதையும் திரித்துக் கூறுகிறோம். ஒரு சாட்சி தம் அண்ணன் மகனைப் பற்றி “அவன் பேச்சுல ஒரு முறுக்கு இருக்கும்” என்றார். நான் ‘ட்விஸ்ட்’ என்றேன், மாஜிஸ்ட்ரேட்டுக்குப் புரிந்தது.

தேர்வுக்கு வராத ஒரு துணுக்கு: இங்கிலாந்தில் நீதியின் போக்கைத் திருப்புவது ‘பெர்வெர்ட்’ குற்றம். நம் நாட்டுச் செய்தித்தாளில் அதை ‘டிஃபீட்டிங் தி எண்ட்ஸ் ஆஃப் ஜஸ்டிஸ்’ என்று வாசிப்பீர்கள். நீதியைத் தோற்கடிப்பது என்று சின்ன வயசில் நினைத்துக்கொண்டேன். ‘டிஃபீட்’ என்பதன் பழைய பொருள் செய்ததைச் செய்யாததாக்குதல், கலைத்தல். போட்ட கோலத்தைக் காலால் அழிக்கிற மாதிரி.

*

பீட்டர்மாரிட்ஸ்பர்க், நகைப் பட்டறை வைத்திருப்பவர்: ‘டிபேஸ்’ என்பது எங்கள் தொழில் சொல் என்று மகன் சொல்கிறான். அப்படியானால் செம்பு சேர்த்த நம் க்ரூகர்ராண்ட் தங்கக் காசும் ‘டிபேஸ்’ ஆனதுதானே?

மகன் சொல்வது முக்கால் சரி. ‘பேஸ்’ என்றால் கீழானது, தாழ்ந்தது. மனிதரைத் தாழ்த்தவும் இந்த வினை வரும், ஆனால் அதன் புகழ் நாணயத்தில்தான். எட்டாம் ஹென்றி 1544-இல் தொடங்கி வெள்ளிக் காசில் செம்பைக் கூட்டிக்கொண்டே போனார். நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி இருந்த காசு, அவர் மகன் காலத்தில் 1551-க்குள் கால் பங்கு வெள்ளிக்கு வந்துவிட்டது. மேலே மெல்லிய வெள்ளி, உள்ளே செம்பு. காசில் ராஜாவின் முகம் நேராகப் பார்க்கும் முகம், மூக்குதான் உயர்ந்த இடம். கைமாறிக் கைமாறி முதலில் தேய்ந்தது மூக்கு. சிவப்பு வெளியே தெரிந்தது. ‘செம்பு மூக்குக் கிழவன்’ என்று ஜனங்கள் பெயர் வைத்தார்கள். எலிசபெத் 1560-இல் அந்தக் காசுகளைத் திரும்ப வாங்கி உருக்கவேண்டியிருந்தது.

க்ரூகர்ராண்ட் அப்படியல்ல, ஐயா. 1967-இல் வந்த நாளிலிருந்தே அது 22 காரட் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். அதில் ஒரு முழு டிராய் அவுன்ஸ் சுத்தத் தங்கம் உண்டு. செம்பு அதற்கு மேல் கூடுதலாகச் சேர்த்தது, கீறல் விழாமல் இருக்க. எடையைக் கூட்டினார்கள், தங்கத்தைக் குறைக்கவில்லை. உங்கள் பாஷையில் சொன்னால் மாற்றை, அதாவது தங்கத்தின் தரத்தைச் சொல்லி விற்றால் தொழில், மாற்றை மறைத்து விற்றால்தான் ‘டிபேஸ்’. உரைகல் வைத்திருப்பவருக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

*

லெனேசியா, ஆசிரியை: ‘டிமீனர்’ என்றால் நடத்தை. ‘டிமீன்’ என்றால் இழிவுபடுத்துதல். எப்படி?

இரண்டு வெவ்வேறு சொற்கள் ஒரே சட்டை போட்டுக்கொண்டிருக்கின்றன, டீச்சர். முதலாவது பிரெஞ்சு, நடத்திச்செல்லுதல். அதற்கும் அடியில் மாட்டை அதட்டி ஓட்டும் லத்தீன் வினை. இரண்டாவது ‘மீன்’ என்ற தாழ்ந்த பொருள் கொண்ட ஆங்கிலச் சொல், ‘டிபேஸ்’ என்பதைப் பார்த்துச் செய்துகொண்டது. ‘டிகிரேட்’ தனி: ‘கிராடுஸ்’ என்றால் படி. படியிறக்கம். 1895 ஜனவரி 5 அன்று பாரிஸில், தேசத்துரோகப் பழி சுமத்தப்பட்ட கேப்டன் டிரைஃபஸின் சட்டையிலிருந்து பட்டைகளைப் பிய்த்து, வாளை முறித்துப் போட்ட சடங்குக்குப் பெயரே அதுதான். அவர் குற்றமற்றவர் என்று 1906-இல் தீர்ப்பு வந்தது.

*

டர்பன், பெயர் வேண்டாம் என்றவர்: ஓர் ஆங்கிலக் கட்டுரையில் நம் ‘நைடூ’, ‘கவெண்டர்’, ‘மூட்லி’, ‘படையாச்சி’ எல்லாம் மூலப் பெயர்களின் ‘கரப்ஷன்’ என்று எழுதியிருந்தார்கள். மனசு கஷ்டமாக இருந்தது. நாம் கெட்டுப்போனவர்களா?

அந்தப் பொருளில் அவர்கள் எழுதவில்லை. ஒரு சொல் வேறு வாயில் உருமாறினால் அதைக் ‘கரப்ஷன்’ என்பது ஆங்கில அகராதிக்காரர்களின் பழைய வழக்கம். மொழி படித்தவர்கள் இன்று அப்படி எழுதுவதைத் தவிர்க்கிறார்கள். அவர்கள் கணக்குப்படி பார்த்தால் கட்டுமரத்தைக் ‘கேட்டமரான்’ என்றும், மிளகுத்தண்ணீரை ‘மல்லிகட்டானி’ என்றும் ஆக்கியவர்களும் கெடுத்தவர்களே. நாமும் சும்மா இல்லை. தமிழ்நாட்டில் ‘கக்கூஸ்’ என்று சகஜமாகப் புழங்கும் சொல் டச்சுக்காரர்கள் விட்டுப்போனது. நம் ஊரில் ஆஃப்ரிகான்ஸ் தெரிந்த யாருக்கும் அதன் வேரை விளக்கவேண்டியதில்லை, சிரிப்பார்கள்.

தமிழ் இதற்கு வைத்த பெயர் மரூஉ. தஞ்சாவூர் தஞ்சை ஆயிற்று, புதுச்சேரி புதுவை ஆயிற்று. யாரும் தஞ்சை கெட்டது என்பதில்லை. வடசொல் உருச்சிதைந்து வந்தாலும் பொருந்துமானால் விலக்கவேண்டாம் என்று தொல்காப்பியமே கதவைத் திறந்து வைத்திருக்கிறது: ‘சிதைந்தன வரினும் இயைந்தன வரையார்’.

ஆனால் உங்கள் மனக்கஷ்டத்தை இலக்கணம் சொல்லித் தள்ளிவிட எனக்கு மனசில்லை. தஞ்சாவூரைத் தஞ்சையாக்கியது தஞ்சாவூர்க்காரன் நாக்கு. கூழாங்கல் ஆற்றில் உருள்வது போல. 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு வந்த 1,52,184 பேரின் பெயர்களை எழுதியது அவர்கள் கையல்ல. பேனா ஒருவரிடம், பெயர் இன்னொருவரிடம். சொன்னவருக்கு எழுதியதை வாசிக்கத் தெரியாது, எழுதியவருக்குச் சொன்னது காதில் விழவில்லை. என் தாத்தாவின் கப்பல் பதிவில் எங்கள் குடும்பப் பெயர் ஒரு மாதிரி, அப்பாவின் கல்யாணப் பத்திரத்தில் ஒரு மாதிரி, என் ஓய்வூதியத் தாளில் வேறொரு மாதிரி. ஓர் அலுவலகத்தில் மூன்றையும் நீட்டினேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண், “எது சரி?” என்று கேட்டாள். ஓய்வூதியத் தாளில் இருப்பதுதான் என்றேன். காசு அந்தப் பெயருக்குத்தானே வருகிறது.

*

உம்லாஸ், மருமகள் ஒருவர்: மே மாதத்தில் மாலில் ‘ஸ்பாயில் யுவர் மம்’ என்று பெரிய பலகை. என் மாமியார் அதை வாசித்துவிட்டு, “அம்மாவைக் கெடுக்கச் சொல்லி எழுதி வெச்சிருக்கான் பாரு” என்று வாசலோடு திரும்பிவிட்டார். என்ன சொல்லிச் சமாதானப்படுத்துவது?

மாமியார் சொன்னதில் பாதி உண்மை என்று முதலில் ஒப்புக்கொள்ளுங்கள், அப்புறம் பேச்சு சுலபம். ‘ஸ்போலியும்’ என்றால் விலங்கிலிருந்து உரித்த தோல், செத்த எதிரியின் உடம்பிலிருந்து உரித்த கவசம். உரித்தல், கொள்ளை, பாழாக்கல் என்று போய், பழம் அழுகுவதும் பிள்ளைக்குச் செல்லம் கொடுத்துக் கெடுப்பதும் அதே வினையாயிற்று. கடைக்காரன் ‘கெடுப்ப’தை மறந்துவிட்டுச் ‘செல்ல’த்தை மட்டும் பலகையில் வைத்திருக்கிறான். ஆஃப்ரிகான்ஸின் ‘பெடர்ஃப்’ என்ற சொல்லும் இதே இரட்டை வேஷம்தான்: இறைச்சியும் ‘பெடர்ஃப்’, பேத்தியும் ‘பெடர்ஃப்’.

என் மகள் ஜூன் மாதம் தந்தையர் தினத்தன்று என்னை அப்படி ‘ஸ்பாயில்’ செய்ய ஓரிடத்துக்கு அழைத்துப்போனாள். கிரீம் போட்ட எதையோ மூன்று தட்டு கொண்டுவந்தார்கள். வீட்டுக்கு வந்து சுக்குக் கஷாயம் குடித்துவிட்டு ராத்திரி பதினொரு மணி வரை திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். உங்கள் மாமியாரை மாலுக்கெல்லாம் கூப்பிடாதீர்கள். மார்க்கெட்டில் நல்ல முருங்கைக்கீரையாகப் பார்த்து வாங்கிப் போங்கள்.